முட்டிக்கருகே ஒரு சின்னத் துளை

பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பலர் நெஞ்சைவிடக் காலைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். கணுக்காலில் தொடங்கித் தொடை வரை நீளும் தையல், வீக்கம், நீர்க்கசிவு, மரத்துப்போன தோல். சர்க்கரை உள்ளவருக்குப் புண் ஆற வாரக்கணக்கில் இழுக்கும்.

இதய அடைப்பைத் தாண்டி மாற்றுப்பாதை போடும்போது, மார்புத் தமனி இதயத்தின் முன்பக்க முக்கியக் குழாய்க்குப் போய்விடுகிறது. மற்ற அடைப்புகளுக்குப் பெரும்பாலும் காலின் உட்புறம் ஓடும் நீண்ட சிரைதான். 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் அர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபவலோரோ இதை வைத்து மாற்றுப்பாதை போட்டார். அதன் பிறகு இதுவே வழக்கமாயிற்று. ஆழத்தில் வேறு சிரைகள் இருப்பதால், இதை எடுத்தாலும் கால் சமாளித்துக்கொள்ளும். ஆனால் எடுப்பதற்காகக் காலையே நெடுகத் திறந்தார்கள்.

1990-களின் நடுவில் எண்டோஸ்கோப் வந்தது. முட்டிக்கு உட்பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டு. அதன் வழியே கேமரா நுழைகிறது. கார்பன் டை ஆக்சைடு செலுத்தினால் தோலுக்கடியில் சுரங்கம்போல இடம் விரியும். சிரையிலிருந்து பிரியும் கிளைகளைத் திரையில் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சுட்டுத் துண்டிக்க வேண்டும். சூடு தாய்க்குழாயைத் தொடக்கூடாது என்பதால் சற்றுத் தள்ளியே வெட்டுவார்கள். குழாயைப் பிடித்து இழுக்கவும் கூடாது. அதன் உள்வரிச் செல்கள் காயப்பட்டால் பின்னாளில் அங்கேதான் ரத்தம் உறையும், சுவர் தடிக்கும். வெளியே எடுத்த சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் இதயத்தில் தைப்பார்கள். உள்ளே இருக்கும் வால்வுகள் ஒரு திசையில் மட்டுமே வழிவிடும்.

கால் பிழைத்தது, சரி. சிரை பிழைத்ததா? 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு எல்லோரையும் உலுக்கியது. ஒன்று, ஒன்றரை ஆண்டில் சிரை ஒட்டு கெட்டுப்போன விகிதம் துளை முறையில் 46.7 சதவீதம், திறந்த முறையில் 38. ஆனால் யாருக்கு எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்த ஆய்வல்ல அது. அப்படிச் செய்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 16, நோயாளிகள் 1,150 பேர். ஏறத்தாழ மூன்று ஆண்டில் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், துளை முறையில் 13.9 சதவீதம், திறந்த முறையில் 15.5, பெரிய வித்தியாசமில்லை. காலில் தொற்று மட்டும் 3.1-லிருந்து 1.4 சதவீதமாகக் குறைந்தது.

அந்த ஆய்வில் சிரை எடுத்தவர்கள் எல்லோருமே கைதேர்ந்தவர்கள். என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். நெஞ்சைத் திறக்கும் சர்ஜனே காலிலும் கைவைப்பதில்லை. பெரும்பாலும் உதவியாளர்தான் எடுக்கிறார். ஆகவே அறுவைக்கு முன், “காலில் சிரையை யார் எடுப்பார்கள், துளை முறையில் அவருக்கு எவ்வளவு பழக்கம்?” என்று தயங்காமல் கேளுங்கள். பழக்கம் குறைவென்றால், நீளத் தையலோடு திறந்து எடுப்பதே மேல்.