மூன்று மட்டைக்கு ஓர் ஆயுளா?

2000-ம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். கோல்ப் ஆட்டச் சாமான் விற்கும் கடையிலிருந்து ஒருவன் நொண்டி நொண்டி வெளியே வருகிறான். காலிலே ஊனமா? இல்லை. கால்சட்டைக்குள்ளே மூன்று மட்டைகள்! விலை 1,200 டாலர் அளவு. பிடிபட்டான். தண்டனை என்ன தெரியுமா? 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை!

இன்னொருவன் இரண்டு முறை வீடியோ நாடாக்களைத் திருடினான். மதிப்பு 150 டாலர் சொச்சம். அவனுக்கோ 50 ஆண்டு முதல் ஆயுள் வரை!

இவர்கள் உத்தமர்கள் என்று வாதாட நாம் வரவில்லை. பழைய குற்றங்கள் உண்டு. அவற்றுக்குத் தண்டனையும் பெற்றவர்கள். புதிய குற்றத்துக்கு அளவு என்ன? அதுதான் நமது கேள்வி.

1993-ல் அங்கே ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்பட்டாள். கொன்றவன் பழங்குற்றவாளி. மக்கள் கொதித்தனர், கொதித்தது நியாயம். அந்தக் கொதிப்பிலே 1994-ல் எழுந்தது ஒரு சட்டம். பேஸ்பால் ஆட்டத்திலே மூன்று பந்தைத் தவறவிட்டவன் வெளியேற வேண்டும். அந்த ஆட்ட விதியையே சட்டத்தில் ஏற்றினர். முன்பு இருமுறை கடுங்குற்றம் செய்தவன், மூன்றாவதாகச் செய்தது திருட்டே ஆனாலும், அது பெருங்குற்றமாகப் பதிவானால் போதும்; 25 ஆண்டுக்குக் குறையாது! விளையாட்டு வினையாயிற்று. கொலைகாரனுக்கு விரித்த வலையிலே மட்டை திருடியவன் விழுந்தான்.

உச்ச நீதிமன்றமாவது தடுத்ததா? 2003-ல், ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் 'செல்லும்' என்றது. நீண்ட தண்டனைகள் குவிந்தன, சிறைகள் பிதுங்கின. ஏறத்தாழ 80,000 பேருக்குக் கட்டிய சிறைகளிலே இருமடங்கு மனிதர்கள்! நோயாளிக்கு மருத்துவம் இல்லை. 2011-ல் அதே உச்ச நீதிமன்றம், 'கூட்டத்தைக் குறைத்தே தீரவேண்டும்' என்றது.

திருத்தியது யார்? மக்கள்! 1994-ல் அந்தச் சட்டத்துக்கு வாக்களித்த அதே மாநிலத்து மக்கள், 2012-ல் வாக்குச்சாவடிக்குச் சென்றனர். நூற்றுக்கு 69 பேர் திருத்தத்தை ஆதரித்தனர். சில விதிவிலக்கு நீங்கலாக, மூன்றாவது குற்றமும் கடுங்குற்றமாக இருந்தால்தான் ஆயுள்தண்டனை என்றாயிற்று. உள்ளே கிடந்தவர்களும் தண்டனைக் குறைப்புக் கேட்கலாம் என்றாயிற்று. ஓராண்டுக்குள் ஆயிரம் பேருக்கு மேல் வெளியே வந்தனர்.

கோபத்திலே எழுதிய சட்டத்தை அறிவு திருத்தியது. அது தோல்வியல்ல, தோழர்களே; அதுதான் மக்களாட்சி! கம்பிக்குள்ளே ஒருவன் கிடக்கையில், கம்பிக்கு வெளியே அவன் மனைவியும் மக்களும் தண்டனை அனுபவிக்கிறார்கள். ஆகவே சொல்கிறோம்: குற்றத்துக்குத் தண்டனை வேண்டும், தண்டனைக்கு அளவு வேண்டும். நீதியின் தராசிலே மூன்று மட்டைக்கு ஈடாக ஒரு மனிதனின் ஆயுளை வைக்காதீர்!