அறியாத உப்பும் புதிய மண்ணும்

காணியை விட்டு வந்த விவசாயி இழப்பது காணியை மாத்திரமல்ல. அந்தக் காணியைப் பற்றிப் பல வருடங்களாகச் சேர்த்து வைத்த அறிவையும் அவர் இழக்கிறார். எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்தப் பாத்திக்கு எவ்வளவு பசளை போதும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது. 1977 இன வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று, காடு வெட்டிக் காணி செய்து, போர்க்காலத்தில் மறுபடியும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல உண்டு. அவர்களுக்கு இது நாம் சொல்லித் தெரிய வேண்டியதல்ல.

புதிய இடத்து மண்ணுக்குப் பழைய கைப்பழக்கம் பொருந்தாமற் போகலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணின் அடியில் சுண்ணாம்புக் கல் இருக்கிறது. நோட்டன் பிரிட்ஜ் போன்ற மலைப்பகுதிகளிலோ, கல்சியத்தையும் மகனீசியத்தையும் மழை கழுவிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் இங்குள்ள மண் அமிலத்தன்மை கூடியது. ஆகவே புதிய காணிக்கு வந்தவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இந்த மண்ணில் என்ன இருக்கிறது?” என்பதே. இதே கேள்வியைத்தான் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிக்கும் மாணவரும் முதல் வருடத்திலிருந்து கேட்கப் பழகுகிறார்.

பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பும்போது, “இரசாயனவியல் படித்து என்ன கிடைக்கும்?” என்று பெற்றோர் யோசிப்பது இயல்பு. பட்டப்படிப்பில் அப்பாடம் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதை, எமது நாட்டிலேயே ஒரு சிறிய கிறிஸ்தவக் கல்லூரியிலிருந்து தொடங்கி இங்கு விளக்குகிறோம்.

வட்டுக்கோட்டையில் ஆரம்பம்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் ஓர் உயர்கல்விக் கூடத்தை ஆரம்பித்தார்கள். வட்டுக்கோட்டை செமினரி என்று பெயர் பெற்ற அது 1855இல் மூடப்பட்டது. 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி உருவாகியது. பிற்காலத்தில் அக்கல்லூரி ஒரு பட்டதாரி மாணவர் பிரிவையும் நடத்தி, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்தது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது, விஞ்ஞான பீடத்தின் முதல் வகுப்புகள் வட்டுக்கோட்டையில் அந்தப் பிரிவின் கட்டடங்களிலேயே நடந்தன. இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானக் கல்வி இவ்வாறு ஒரு சிறிய கல்லூரியின் வளவில் தொடங்கியது.

வெளிவாரிப் பரீட்சையில் கேள்வி போடுபவர் தூர தேசத்தில் இருப்பார். ஆசிரியர் சொல்லிக் கொடுத்த குறிப்பை அப்படியே ஒப்புவித்துத் தப்ப முடியாது. பாடம் உண்மையாகவே விளங்கியிருக்க வேண்டும்.

அளந்து பார்க்கும் பழக்கம்

இரசாயனவியலில் பௌதிக இரசாயனம், சேதன இரசாயனம், அசேதன இரசாயனம், பகுப்பு இரசாயனம் என்று பல பிரிவுகள் உண்டு. விரிவுரைகளில் இவற்றைக் கேட்டுப் படிக்கலாம். ஆனால் பாடம் கையில் ஏறுவது ஆய்வுகூடத்தில்தான்.

நியமிப்பு என்ற பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். மாணவர் 25 மில்லிலீற்றர் காரக் கரைசலைக் குழாயியால் அளந்து குடுவையில் விடுகிறார். அதில் காட்டி ஒரு சில துளி சேர்க்கிறார். அளவியிலிருந்து அமிலத்தைத் துளித்துளியாக விடுகிறார். நிறம் மாறும் அந்த ஒரு துளியில் நிறுத்த வேண்டும். ஒரு துளி கூடினாலும் திரும்பச் செய்ய வேண்டியதுதான். இரண்டு வாசிப்புகளாவது 0.1 மில்லிலீற்றருக்குள் ஒத்துவரும் வரை விடமாட்டார்கள். எடுத்த வாசிப்பைப் பேனையால் எழுத வேண்டும். பிழையானதை ஒரு கோட்டால் வெட்டலாம், அழிக்கக் கூடாது.

சிறிய வகுப்பின் பலன் இங்கேதான் தெரியும். ஐந்து பேருக்கு ஓர் அளவி என்றால் ஒருவர் செய்வார், நால்வர் பார்த்து எழுதுவர். ஆளுக்கொரு அளவி இருந்தால் ஒவ்வொருவருடைய கையும் பழகும்; யார் எங்கே பிழை விடுகிறார் என்று ஆசிரியருக்கும் தெரியும்.

அறியாத உப்பு

இன்னொரு பயிற்சியில், இலக்கம் மட்டும் எழுதிய பொட்டலத்தில் ஏதோ ஓர் உப்பைக் கொடுப்பார்கள். அது என்னவென்று மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். முதலில் நிறத்தைப் பார்ப்பார். நீரில் கரைகிறதா என்று பார்ப்பார். சுவாலையில் பிடிப்பார்: மஞ்சள் நிறம் சோடியத்தைக் காட்டும், இளம் ஊதா பொற்றாசியத்தைக் காட்டும். காரம் சேர்த்துச் சூடாக்கும்போது கிளம்பும் வாயு, ஈரமான சிவப்புப் பாசிச்சாயத்தாளை நீலமாக்கினால் அமோனியம் இருக்கிறது.

கொப்பியில் பரிசோதனை, அவதானம், அனுமானம் என்று மூன்று பகுதி. கண்டது வேறு, கண்டதிலிருந்து நினைத்தது வேறு என்று பிரித்து எழுத வேண்டும். “மாற்றம் இல்லை” என்பதையும் எழுத வேண்டும். அதுவும் ஒரு செய்தி. பாடமாக்கி வைத்த விடை இதற்கு உதவாது. புதிய காணியில் நிற்கும் விவசாயிக்கு இதே முறை உதவும்.

பசளை மூடையில் இருப்பது

முதல் வருட மாணவர் செய்யும் ஒரு கணக்கை நீங்களும் செய்யலாம். யூரியாவின் மூலக்கூற்றுத் திணிவு 60. அதில் நைதரசன் 28. ஆகவே நூற்றுக்கு ஏறத்தாழ 46 பங்கு நைதரசன். அமோனியம் சல்பேட்டின் திணிவு 132. அதிலும் நைதரசன் 28 தான். நூற்றுக்கு 21 பங்கு. எனவே 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. 50 கிலோ அமோனியம் சல்பேட்டில் பத்தரைக் கிலோ மட்டுமே. மூடையின் விலையை நைதரசனின் கிலோவால் பிரித்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்து, அவ்வருட நவம்பரில் தடையை நீக்கியது. பசளை கிடைக்காத அத்தகைய காலத்தில் எந்தப் போத்தலையோ பையையோ காட்டினாலும், “இதில் நைதரசன் நூற்றுக்கு எத்தனை?” என்று கேட்கத் தெரிந்தவர் ஏமாறமாட்டார்.

மேலே சொன்ன அமோனியாப் பரிசோதனையிலும் ஒரு பாடம் உண்டு. சுண்ணாம்பும் காரத்தன்மை உள்ளதே. அதை அமோனியம் சல்பேட்டுடன் கலந்து போட்டால், காசு கொடுத்து வாங்கிய நைதரசன் அமோனியாவாகக் காற்றில் போய்விடும். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

பி.எச். என்ற அளவையும் அறிந்து வையுங்கள். அது 5.5இலிருந்து 4.5க்கு இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடிவிட்டது என்பது பொருள். தேயிலை 4.5க்கும் 5.5க்கும் இடையில் நன்றாக வளரும். கரட், கோவா, போஞ்சி போன்றவற்றுக்கு அவ்வளவு அமிலம் ஆகாது. தேயிலை நின்ற நிலத்தில் மரக்கறி போடுபவர் டொலமைட் இடுவதற்கு முன் மண்ணை அளந்து பார்ப்பது நல்லது.

தமிழில் ஒரு முன்மாதிரி

1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் போதித்த டாக்டர் சாமுவேல் கிறீன், 1860களில் தமிழிலேயே போதிக்கத் தொடங்கினார். தமிழில் படித்தவர்கள் கிராமங்களிலேயே தங்கி மக்களுக்கு உதவுவார்கள் என்பது அவரது எண்ணம். அவரது முயற்சியால் “கெமிஸ்தம்” என்ற இரசாயன நூல் 1875இல் தமிழில் வெளிவந்தது.

இன்று பாடசாலையில் தமிழிலும், பல்கலைக்கழக விஞ்ஞான பீடங்களில் ஆங்கிலத்திலும் இரசாயனவியல் கற்பிக்கப்படுகிறது. முதல் வருடத்தில் எமது பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் பாடத்தில் அல்ல, மொழியில்தான். உயர்தரம் படிக்கும்போதே ஒவ்வொரு சொல்லையும் இரு மொழியிலும் எழுதிப் பழகினால் அந்தச் சுமை குறையும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

1. பல தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. சாதாரண தரப் பெறுபேறு வருமுன்பே அப்பிரிவு உள்ள பாடசாலையை விசாரித்து வையுங்கள். அங்கே பிள்ளைகள் தாமே பரிசோதனை செய்கிறார்களா என்றும் கேளுங்கள்.

2. அரச பல்கலைக்கழகத்தில் முதற் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. அனுமதியில் நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாகக் கணிக்கப்படுகிறது.

3. எந்த மாவட்டத்தின் கீழ் அனுமதி என்பது பிள்ளை எங்கே எத்தனை வருடம் படித்தார் என்பதைப் பொறுத்தது. இடம்பெயரும்போது பாடசாலை விடுகைப் பத்திரத்தைத் தவறாமல் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.

4. மண் பரிசோதனை பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். மாதிரி எடுக்கும்போது ஒரே இடத்தில் தோண்டாமல், காணியின் பல இடங்களில் சிறிது சிறிதாக எடுத்து, நன்கு கலந்து, அதிலிருந்து ஒரு பங்கைக் கொடுங்கள். பசளை போட்ட கையோடு எடுக்க வேண்டாம். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் அந்த வேலையை அவரிடமே ஒப்படையுங்கள். வரும் பெறுபேற்றை வாசித்து விளக்கவும் அவரால் முடியும்.