பல ஊர்க்கு ஒரு பெயர்: அமெரிக்க ஊர்ப்பெயர்கள் பற்றிய ஒரு விளக்கம்

பல பொருள்களைக் குறிக்கும் ஒரு சொல்லைப் பலபொருள் ஒருசொல் என்பர் இலக்கண நூலார். அதுபோலவே ஒரு பெயர் பல ஊர்களைக் குறித்து வழங்குதலும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஸ்பிரிங்பீல்டு, பேர்வியூ, மிட்வே, பேயட்வில் முதலிய பெயர்களை உடைய ஊர்கள் மாநிலங்கள் பலவற்றில் உள்ளன. குடியேறியோர் புதுப்பெயர் புனையமாட்டாமையே இதற்குக் காரணம் எனக் கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது. ஒரு பெயர் பல ஊர்க்கு உரியதாகும் நெறிகள் மூன்று. அவை தம்முள் வேறுபட்டவை.

முதலாவது, நிலத்தின் இயல்பு நோக்கி இட்ட பெயர். மிட்வே என்பது இடைவழி என்றும், பேர்வியூ என்பது நற்காட்சி என்றும் பொருள்படும். இத்தகைய நிலம் எங்கும் உண்டாதலின் பெயரும் ஆங்காங்கே தனித்தனியே தோன்றிற்று. இவ்வூர்களிடையே உறவு ஏதும் தேடவேண்டுவதில்லை.

இரண்டாவது, பெருமக்களை நினைந்து இட்ட பெயர். விடுதலைப் போரில் அமெரிக்கர்க்குத் துணைநின்ற பிரெஞ்சுப் பெருமகன் லபாயத்தின் பெயரால் வடகரோலினாவில் 1783-இல் ஓர் ஊர் பேயட்வில் எனப்பட்டது. அவர் 1824, 1825 ஆம் ஆண்டுகளில் மீண்டும் வந்து, அன்றிருந்த 24 மாநிலங்களையும் சுற்றிப் பார்த்தார். அதன்பின் அவர் பெயர் தாங்கிய ஊர்கள் மேலும் பெருகின.

மூன்றாவது, மக்களொடு பெயர்ந்து சென்ற பெயர். டென்னசி மாநிலத்துப் பேயட்வில், வடகரோலினா ஊரின் பெயரைப் பெற்றது. ஆர்க்கன்சா மாநிலத்துப் பேயட்வில், டென்னசி ஊரின் பெயரைப் பெற்றது. ஆர்க்கன்சா ஊர்க்கு முன்பு வழங்கிய பெயர் வாசிங்டன் என்பது. அப்பகுதியில் மற்றொரு வாசிங்டன் இருந்தமையால், 1829-இல் அது மாற்றப்பட்டது. எனவே அவ்வூரார் நினைந்தது லபாயத்தை அன்று. தாம் விட்டுவந்த ஊரையே எனலாம்.

இவ்வேறுபாட்டை உணராவிடின் நேரும் பிழையைப் போர்ட்லாந்து என்னும் பெயர் காட்டும். துறைமுக நிலம் என்பது அதன் பொருள். ஒரேகான் மாநிலத்துப் போர்ட்லாந்து வில்லமெட் ஆற்றங்கரையில் அமைந்த துறைமுக நகரம். ஆகவே இது காரணப்பெயர் எனக் கூறத் தோன்றும். உண்மை வேறு. 1845-இல் அதனை நிறுவிய இருவருள் பெட்டிகுரோவ் என்பார் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தின் பெயரையும், லவ்ஜாய் என்பார் பாஸ்டன் என்னும் பெயரையும் விரும்பினர். செப்புக்காசு ஒன்றைச் சுண்டி முடிவு கண்டனர், பெட்டிகுரோவ் வென்றார். மெய்ன் மாநிலத்து ஊரும் அப்பெயரை இங்கிலாந்தின் போர்ட்லாந்துத் தீவிலிருந்தே பெற்றது. பிறந்த இடத்தில் காரணப்பெயராய் இருந்தது, பெயர்ந்த இடத்தில் இடுகுறியாய் நின்றது.

ஒரே மாநிலத்துள் ஒரு பெயர் இரண்டு அஞ்சல் நிலையங்கட்கு இருப்பின் மடல்கள் மாறிச் செல்லும். ஆதலின் அஞ்சல் துறை சில பெயர்களை ஏற்க மறுத்தது. 1890-இல் நாட்டின் இடப்பெயர்களை ஒழுங்கு செய்ய ஒரு வாரியமும் அமைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரேகான் மாநிலத்துச் சிற்றூர் ஒன்று பால்மெய்ன் என்னும் பெயரை வேண்டிற்று. அது வேறோர் ஊர்ப்பெயரை ஒத்திருந்தமையால் மறுக்கப்பட்டது என்பர். அதன்பின் அவ்வூர் பெற்ற பெயர் மெட்ராஸ். கடையிலிருந்த துணிச்சுருளின் மேல் கண்ட பெயர் அது என்பார் ஒருசாரார்; இந்திய நகரின் பெயரே நேராக இடப்பட்டது என்பார் மற்றொரு சாரார். நம் தலைநகர்க்கு 1996-இல் சென்னை என்பதே பெயராயிற்று. ஒரேகான் ஊரோ இன்றும் மெட்ராஸ் என்றே வழங்குகிறது.

இச்செய்திகள் மறைந்தொழிந்தபின் ஆய்வாளர் ஒருவர் அப்பெயரை மட்டும் காண்பாராயின், தமிழர் அங்குக் குடியேறினர் என்று எழுதவும் கூடும். பெயரொற்றுமை ஒன்றே குடிப்பெயர்ச்சிக்குச் சான்றாகாது. பெயர் முதன்முதல் பதிவான காலம் எது, அதற்குமுன் வழங்கிய பெயர் எது, இட்டவர் எவ்வூரினர் என்னும் மூன்றையும் தெளிந்த பின்னரே சொற்பொருள் ஆராய்தல் முறையாம்.