வெறி என்னும் சொல்

எங்கள் மணலூர்ப்பேட்டை தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த ஊர். நான் சிறுவனாயிருந்தபோது, ஐயத்திற்குரிய நாயொன்று ஆற்றில் இறங்கி நீர் குடித்துவிட்டால், "இதற்கு வெறி இல்லை" என்று பெரியோர் துணிந்து கூறுவர். நாங்களும் அதனை நம்பினோம். அந்நம்பிக்கை பிழையென்று பின்னரே அறிந்தேன். அப்பிழைக்கு நோயின் பெயரும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

வெறிநாய்க்கடியால் வரும் நோயை மேனாட்டார் 'ரேபிஸ்' என்பர். இஃது இலத்தீன் சொல். சினந்து பொங்குதலைக் குறிக்கும் 'ரபெரே' என்னும் வினையிலிருந்து பிறந்தது. கிரேக்கர் 'லிஸ்ஸா' என்றனர்; அதனை ஓநாயைக் குறிக்கும் சொல்லோடு இயைத்துக் காட்டுவர் மொழிநூலார். தமிழில் 'வெறி' மிகப் பழஞ்சொல். மணம், கள், மயக்கம் எனப் பல பொருள் அதற்குண்டு. முருகன் பொருட்டு வேலன் ஆடும் ஆட்டத்தைச் சங்கச் சான்றோர் வெறியாட்டு என்றனர். தன்வயம் இழந்து ஆடுதலின் அப்பெயர் பெற்றது போலும்! நாய்க்கு வந்த நோயையும் நம்மவர் அச்சொல்லாலேயே குறித்தனர்.

இந்நோய்க்குக் கிரேக்க மொழியில் வேறொரு பெயரும் உண்டு. 'ஹைட்ரோபோபியா' என்பது அது. நீரச்சம் என்பது அதன் பொருள். நோயுற்ற மனிதன் நீரைப் பருக முயலும்போது தொண்டைத் தசைகள் கொடிதாய் இழுத்துக்கொள்ளும். பின்னர் நீரைக் கண்டாலே நடுங்குவான். இது மனிதர்க்குரிய குறி. நாய்க்கு இவ்வச்சம் இல்லை. நோயுற்ற நாயும் நீரில் இறங்கும், இயன்றவரை குடிக்கும். மனிதர்க்குரிய குறியை நாயின்மேல் ஏற்றியதே எங்கள் ஊரார் செய்த தவறு.

'வெறி' என்ற பெயரும் ஓரளவே பொருந்தும். நோயுற்ற நாய்கள் எல்லாம் சீறித் துரத்துவதில்லை. சில சோர்ந்து மூலையில் ஒடுங்கும்; தாடை தொங்கி எச்சில் வழியும். தொண்டையில் எலும்பு சிக்கியதோ என்றெண்ணி வளர்த்தவரே வாய்க்குள் கைவிடுவதுண்டு. குறிகள் தோன்றுவதற்குச் சில நாள் முன்னரே எச்சிலில் நோய்நுண்மம் இருக்கவும் கூடும்.

அந்நுண்மம் நரம்பின் வழியே மெல்ல மூளைக்கு ஏறுகின்றது. அதற்குப் பெரும்பாலும் வாரங்களோ திங்களோ ஆகும். அவ்விடைவெளியில்தான் மனிதன் உயிர் பிழைக்க வழியுண்டு. நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தவர் மிக அரியர். கடிவாயைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்ளுதல் வேண்டும். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1885-ஆம் ஆண்டு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் இம்முறையில் மருந்திட்டு அவனைக் காத்தார். நம் நாட்டில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907-இல் தோன்றிற்று. இன்று அவ்வூசி அரசு மருத்துவமனைகளில் விலையின்றி இடப்படுகின்றது.