கல்லீரலும் கேளா ஒலியும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ளது கணியம்பாடி. 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையுடன் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவமனையின் சமுதாய நலப் பிரிவு, இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் பல்லாண்டுகளாகத் தொண்டு புரிந்து வருகிறது. இத்தகைய ஊர்களிலும் இன்று ஸ்கேன் அறிக்கையைக் கையில் ஏந்தி, "ஈரலில் ஏதோ இருக்கிறதாமே!" என்று கலங்குவோர் உளர். அவ்வறிக்கை கூறுவது யாது, கூறாதது யாது என்று காண்போம்.

வலப்பக்க விலா எலும்புகளின் காப்பில் அமைந்த கல்லீரல், ஏறத்தாழ 1.5 கிலோகிராம் எடையுள்ளது. நம் செவி, நொடிக்கு 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியையே கேட்கும். வயிற்றை ஆராயும் கருவியோ நொடிக்குப் பல இலட்சம் முறை அதிரும் ஒலியை உள்ளே செலுத்தி, திரும்பிவரும் எதிரொலியைப் படமாக்குகிறது. கிளாஸ்கோ நகர மருத்துவர் அயன் டொனால்டு 1958இல் வெளியிட்ட கட்டுரையே வயிற்று நோய்களுக்கு இம்முறையைப் பரவலாக அறிமுகம் செய்தது. இதில் எக்ஸ்-கதிர் இல்லை.

நலமான கல்லீரல், அருகிலுள்ள சிறுநீரகத்தின் புறப்பகுதியை ஒத்தோ சற்றே வெளிறியோ தோன்றும். கொழுப்புப் படிந்தால் ஒலி மிகுதியாகச் சிதறுவதால், அது மிக வெண்மையாகத் தெரியும். நீர்க்கட்டி எதிரொலியின்றிக் கருமையாகத் தோன்றும். பெரும்பாலும் அது தீங்கற்றது. விளிம்பு தெளிந்த வெண்புள்ளி, பலருக்குத் தீங்கற்ற இரத்தநாளக் கட்டியே. ஆனால் ஈரலின் மேற்பரப்பு மேடுபள்ளமாகி, மண்ணீரல் வீங்கி, வயிற்றில் நீரும் கோத்திருந்தால், ஈரல் இறுகிச் சுருங்கும் நோயோ என்று மருத்துவர் ஐயுறுவார்.

எனினும், படம் தீர்ப்பன்று. கொழுப்பு படிந்த ஈரலில் அழற்சியும் உண்டா, அதற்குக் காரணம் மதுவா, நீரிழிவா, உடற்பருமனா என்பதை நிழற்படம் மட்டும் சொல்லிவிடாது. சிறிதளவு கொழுப்பு அதன் கண்ணுக்குத் தப்பவும் கூடும். ஆதலின் இரத்தப் பரிசோதனையும், மஞ்சட்காமாலைக் கிருமிகளான பி, சி வகைகளுக்கான ஆய்வும், ஈரலின் இறுக்கத்தை அளக்கும் சோதனையும் தேவைப்படலாம்.

இங்கே இரு பிழைகள் நேர்கின்றன. ஒன்று வீண் அச்சம். மற்றொன்று, "வலியில்லையே, நான் குடிப்பவனும் அல்லனே" என்னும் அலட்சியம். கொழுப்புக் கல்லீரல் மது அருந்தாதாரையும் பற்றும். நெடுங்காலம் வலியின்றியே வளரும். தொடக்கத்திலோ அது மீளக்கூடியது. பருமனுடையோர் உணவாலும் உடற்பயிற்சியாலும் எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைத்தால், கொழுப்பும் அழற்சியும் தணியக் காண்கிறோம். தழும்பு முற்றியபின் மீள்வது அரிது.

மாணவர்களே! உங்கள் இல்லத்தில் எவரேனும் இத்தகைய அறிக்கையோடு வந்தால், அதனைப் பெட்டியில் பூட்டவும் வேண்டா. அது கண்டு நடுங்கவும் வேண்டா. மருத்துவரிடம் அழைத்துச் சென்று, "இதற்குக் காரணம் யாது? அடுத்த சோதனை யாது?" என்று வினவுங்கள்.