இரண்டு இழையும் அறும்போது

டி.என்.ஏ.யில் ஓர் இழை மட்டும் அறுந்தால் செல் எளிதில் சமாளித்துவிடும். எதிர் இழையைப் பார்த்தே விட்டதை நிரப்பிக்கொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுவதுதான் ஆபத்து. குரோமோசோமே துண்டாகிறது. ஒட்டாமல் போனால் செல் சாகலாம். இடம் மாறி ஒட்டினால் புற்றுநோய்க்கு வழி திறக்கலாம்.

இப்படி முறிப்பவற்றுள் கதிர்வீச்சும் ஒன்று. தென்கடற்கரை மண்ணிலேயே அது இருக்கிறது. திருச்செந்தூரை அடுத்த குதிரைமொழித் தேரியின் செம்மணலில் இல்மனைட், சிர்கானோடு சிறிதளவு மோனசைட்டும் உண்டு, மோனசைட்டில் கதிர்வீசும் தோரியம். குமரி தாண்டி மணவாளக்குறிச்சியிலும், கேரளத்தின் சவரா, கருநாகப்பள்ளியிலும் மோனசைட் மிகுதி.

முறிவு நேர்ந்த சில நிமிடங்களில் ஏடிஎம் என்ற நொதி, அக்கம்பக்கத்து எச்2ஏஎக்ஸ் புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. ஒளிரும் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் முறிந்த இடம் ஒரு புள்ளியாக மின்னும்.

ஒட்டும் வழிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்றில், கூ என்ற வளையப் புரதம் அறுந்த முனைகளைப் பிடித்துக்கொள்ள, லைகேஸ் 4 அவற்றை நேராக இணைக்கிறது. வேகமான வேலை, டி.என்.ஏ.வின் ஓரிரு எழுத்து தொலையலாம். நோயெதிர்ப்புச் செல்கள் விதவிதமான எதிர்ப்பொருள்களை உருவாக்கத் தம் டி.என்.ஏ.வைத் தாமே வெட்டி, இதே வழியில் ஒட்டிக்கொள்வது வியப்பானது.

மற்றது நிதானமானது. முனைகளில் ஓர் இழை மட்டும் அரித்து நீக்கப்படுகிறது. மிஞ்சிய ஒற்றை இழையின்மீது, பிஆர்சிஏ2 துணையோடு, ராட்51 புரதங்கள் வரிசையாக ஏறுகின்றன. அந்த இழை செல் பிரிவதற்காக எடுத்துப் பக்கத்திலுள்ள டி.என்.ஏ. புதுப்பிரதிக்குள் நுழைந்து, தன் எழுத்துகளுக்குப் பொருந்தும் இடத்தைத் தேடிப் பிடித்து, இழந்ததைப் பார்த்து எழுதிக்கொள்கிறது. பிஆர்சிஏ மரபணு பழுதானவர்களுக்கு மார்பக, சூலகப் புற்றுநோய் அபாயம் கூடுவது பெரும்பாலும் இந்த வழி அடைபடுவதால்தான். பிரதி எடுக்காமல் ஓய்ந்திருக்கும் ரத்த வெள்ளணுக்களோ முதல் வழியையே நம்பியிருக்கின்றன.

அத்தகைய வெள்ளணுக்களில்தான் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் மின்னும் புள்ளிகளை எண்ணினார்கள். கேரளக் கடற்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த ஊர்க்காரர்களிடம் முறிவுகள் கூடுதலாக இல்லை என்று 2016-இல் எழுதினார்கள். கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்விலும் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

கணக்கும் ஒத்துவருகிறது. ஒரு கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு ஒரு செல்லில் ஏறத்தாழ 35 முதல் 40 முறிவுகளை உண்டாக்கும். ஆண்டுக்கு 10 மில்லிகிரே என்றாலும், ஆண்டு முழுவதற்கும் செல்லுக்குச் சராசரி அரை முறிவுகூட இல்லை. பெரும்பாலானவை சில மணி நேரத்தில் ஒட்டப்பட்டுவிடும். ஒரே நேரத்தில் வந்து குவிவது வேறு. கதிர்சிகிச்சையில் ஒரு வேளைக்கு வழக்கமாகத் தரும் 2 கிரே, சில நிமிடங்களில் புற்றுச்செல் ஒவ்வொன்றிலும் சுமார் 70 முறிவுகளை ஏற்படுத்துகிறது. பழுதுநீக்கும் திறன் குறைந்த புற்றுச்செல்கள் அந்தச் சுமையைத் தாங்குவதில்லை.