கிளினிக் கொப்பி தொலைந்தாலும் கண் மருந்தை நிறுத்தாதீர்கள்

ஊர் திரும்பியதும் வீடு, கிணறு, பிள்ளைகளின் பாடசாலை என்று அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலில் மறந்துபோகும் ஒரு விடயம் கண் அழுத்த நோய், அதாவது குளுக்கோமா. பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப்பார்வை முதலில் குறையும். நேரே பார்ப்பது தெளிவாகவே இருக்கும். இழந்த பார்வை திரும்பாது. மீதமுள்ளதைத்தான் காப்பாற்றலாம்.

இது முதியவர்களுக்கு மட்டும் வரும் நோயல்ல. தூரப்பொருள் தெரியாமல் கண்ணாடி போட்ட இளைஞர்களுக்கு வரும் ஒரு வகை உண்டு, நம்மவர்களிடம் குறைவுதான். கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரை பின்பக்கம் வளைந்து, வில்லையைத் தாங்கும் நார்களில் உரசுகிறது. உதிரும் நிறத்துகள்கள், கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் பாதையை அடைக்கின்றன. வடிகான் அடைத்தால் வளவில் தண்ணீர் தேங்குவது போலத்தான். அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுக்கிறது. பந்து விளையாடிய பிறகு பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் காட்டுங்கள்.

கண்ணாடிக் கடையில் எழுத்து வாசிப்பதால் இது பிடிபடாது. வைத்தியர் அழுத்தத்தை அளப்பார் (10 முதல் 21 வரை சாதாரணம்). விறைப்பு மருந்து விட்டு, சிறு கண்ணாடி வில்லையை வைத்து அந்த வடிபாதையைப் பார்ப்பார். நரம்பையும் ஓரப்பார்வையையும் சோதிப்பார். இந்த வகையில் அழுத்தம் ஏறி இறங்குவதால் ஒருநாள் அளவு போதாது.

சிகிச்சை பெரும்பாலும் தினமும் விடும் சொட்டு மருந்து. போதாவிட்டால் லேசர், அதற்கும் பிறகு சத்திரசிகிச்சை. இழுப்பு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். டிமோலோல் என்ற மருந்து அவர்களுக்கு ஆகாது. தகரக் கொட்டில் சூட்டில் போத்தலை வைக்காதீர்கள். திறந்து ஒரு மாதமானதை வீசிவிடுங்கள்.

கொப்பி இல்லையா? வெறும் போத்தலையாவது எடுத்துக்கொண்டு கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வேறு அரச வைத்தியசாலைக்கோ போய், கண் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். அரச கிளினிக்கில் கட்டணமில்லை.

நோன்பு மாதத்தில் மருந்தை நிறுத்துபவர்கள் உண்டு. ஷாஃபி மத்ஹபின்படி கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது. மனம் ஒப்பாவிட்டால், சஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் விடலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உங்களுக்கு இந்த நோய் இருந்தால் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். இது குடும்பத்தில் தொடரக்கூடியது.